கேட் பாஸ்

மணலி கம்பெனியில் எனக்கு மூன்றாவது லைன்.
நீலப் பொட்டு வைத்த வெள்ளைத் தூள்
புனல் வழியே இறங்கும். அரைக்கிலோ வந்ததும்
கவரின் வாயைச் சூட்டில் வைத்து ஒட்டுவேன்.
ஷிப்டுக்கு ஆயிரத்து நானூறு வாய்.

எலுமிச்சை படம் போட்ட கவர்.
எட்டு மணி நேரம் அதை முகர்ந்த மூக்குக்கு
சந்தையில் வாங்கும் எலுமிச்சை போலி மாதிரி இருக்கிறது.

போன ஆடியில் விரலிடுக்கு வெடித்தது.
கையுறை கேட்டேன். கொடுத்தார்கள், ஒரு ஜோடி.
இரண்டும் இடது கைக்கு.

அப்படித்தான் வந்தது பூந்திக்கொட்டை.
விதையை எடுத்துவிட்டு ஓட்டை மட்டும்
கைப்பிடி போன குக்கரில் ராத்திரி ஊறப்போட்டு
விடிகாலை கொதிக்கவிட்டேன்.
எதிர்வீட்டு ஸ்டெல்லா கதவைத் தட்டினாள்:
“இன்னா கொயம்பு வெக்கிற, புளிச்ச வாடை வருது?”
துணிக்கு என்றேன்.
“துணிக்கு இன்னாத்துக்குடி ரசம்?”

ஆறவைத்துப் பிசைந்து
பழைய பனியனில் வடித்தால்
டீ நிறத்தில் ஒரு பாட்டில்.
கண்ணில் ஒரு சொட்டு தெறித்தால்
அன்றைக்கு முழுக்க அழவேண்டியதுதான்,
செத்தது யார் என்று தெரியாமலே.
ஐந்து நாள் தாண்டினால் நாறும்.
எங்கள் கம்பெனித் தூள் இரண்டு வருஷம் நாறாது.

நுரை? சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.
முதல் வாரம் எனக்கே நம்பிக்கை வரவில்லை,
பள்ளிக்கூடச் சட்டையின் காலரை
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கணக்கு சொன்னது தண்ணீர் லாரிதான்.
எர்ணாவூரில் எங்கள் பிளாக்குக்கு
வீட்டுக்கு எட்டுக் குடம்.
தூள் போட்டால் அலசுவதற்கே நான்கு.
இதற்கு ஒன்றரை.
மிஞ்சிய இரண்டரைக் குடத்தில்
செவ்வாய்க்கிழமை தலைக்குக் குளித்தேன்,
எந்த விசேஷமும் இல்லாமல்.

காசிமேட்டில் போட் இன்ஜின் பார்க்கிற
அந்தோணிராஜின் சட்டையிடம் மட்டும் பலிக்கவில்லை.
டீசல் கறை பாட்டிலைப் பார்த்து
அசையாமல் உட்கார்ந்திருந்தது.
தீபாவளி போனஸுக்குக் கொடுத்த பாக்கெட்டை
அதற்காகப் பிரித்தேன்.
கையுறை போட்டுக்கொண்டு. இரண்டு இடது கையோடு.

வியாழக்கிழமை
நூர்ஜஹானின் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு என்று
அவளுக்கு ஒரு பாட்டில் எடுத்துப்போனேன்.
அவள் லீவு.
ஷிப்ட் முடிந்து கேட்டில்
தில்லையம்மாள் பையைத் துழாவினாள்.
“இன்னாம்மா இது, சரக்கா?”

உள்ளேயிருந்து லிக்விட் போகிறதென்று
சூப்பர்வைசர் ஓடிவந்தார்.
மூடியைத் திறந்து முகர்ந்தார்.
எலுமிச்சை இல்லை. மல்லிகை இல்லை.
“நம்ம சரக்கு இல்ல” என்றார்,
கொஞ்சம் வருத்தம் போலத்தான் இருந்தது.
ஆனாலும் ரெஜிஸ்டரில் ஏற்றாமல் விடமாட்டாராம்.
பொருள்: பூந்திக்கொட்டைத் தண்ணி.
அளவு: ஒரு லிட்டர்.
மதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
“இரண்டரைக் குடம்” என்றேன்.
எழுதிக்கொண்டார்.

அவர் தலை மறைந்ததும்
தில்லையம்மாள் யூனிபார்ம் காலரை விலக்கி
கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோட்டைக் காட்டினாள்.
“இதுக்குக் கேக்குமா?”
மருந்து இல்லை, துணிக்குத்தான் என்றேன்.
“துணியாலதானே வருது” என்றாள்.
பாட்டில் அவள் மேசைக்கடியில் போனது.

பஸ்ஸுக்கு நடக்கையில்
கால்வாயில் முழங்கால் உயரத்துக்கு நுரை.
காற்று பிய்த்துப் பிய்த்து எறிய
ஒரு துண்டு வந்து
என் முந்தானையில் உட்கார்ந்தது.
தட்டிவிடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

எந்த ஊர் வாளியிலிருந்து வந்ததோ.
எந்த லைனில் ஒட்டிய வாயோ.
மூன்றாவதாகவும் இருக்கலாம்.