ஐந்தாம் வரி

ஓபுவோ மருத்துவமனையின் பின்பக்கம்
வண்டி ஜாக்கிமேல் நிற்கிறது,
தொடையில் ஊசி விழப்போகிறது என்று
கண்டுகொண்ட பிள்ளை மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு.

எழுதத் தாள் கேட்டேன்.
நர்ஸ் கௌனாபாவா எடுத்துத் தந்தது
பெயர் நிரப்பாத தடுப்பூசி அட்டை.
பிறந்தவுடன், ஆறாம் வாரம், பத்தாம், பதினான்காம் என்று
அச்சிட்டிருந்ததன் மேலேயே
எட்டாயிரம் என்று எழுதினேன், பதினாறாயிரம்,
அப்புறம் எல்லாவற்றையும் அடித்து
ஆறாயிரம், பன்னிரண்டாயிரம் ஆக்கினேன்.
தார் பார்த்த டயருக்குத்தான் எட்டாயிரம்.
எங்கள் சாலை அரம்.

பின்னால் இருப்பவை முன்னால் போகும், நேராக.
முன்னால் இருப்பவை பின்னால் வரும், குறுக்காக.
நாலு டயர், நாலு வரி.
"ஆச்சு" என்றேன்.

அவள் பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னியைத் தட்டினாள்.
"இவன் எந்த வீட்டுப் பிள்ளை?"

மே மாதம் எனக்கும்தான் நினைவிருக்கிறது.
ஒக்கங்வாத்தி தாண்டி ஒரு கல் கிழித்தது பின்னிடதை.
ஸ்டெப்னியை மாட்டினேன். புதுசு.
நாலு வருஷம் மண்ணே தொடாத புதுசு.
ஒன்பது கிலோமீட்டர் ஓடி
வெயில் தின்ற உதடுபோல் பிளந்துகொண்டது.

குளிர்ப்பெட்டியில் கட்டி தண்ணீராகி
தண்ணீர் வெதுவெதுப்பாகி
நாற்பத்திரண்டு பேருக்கான மருந்தை
அவள் ஒவ்வொன்றாய் எண்ணிக் குப்பைப் பையில் போட்டாள்.
அந்தப் பக்கம் மொப்பானி மரத்தடியில்
இரண்டு நாள் நடந்து வந்த உவாபிருக்கா
எங்கள் புழுதி எழும்புகிறதா என்று இருட்டும்வரை பார்த்துவிட்டு
பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டாளாம்.

ஆகவே ஐந்தாம் வரி.
ஸ்டெப்னி பின்வலதுக்கு.
பின்வலது முன்வலதுக்கு. முன்வலது குறுக்கே பின்னிடதுக்கு.
பின்னிடது முன்னிடதுக்கு. முன்னிடது கதவில் ஏறி
ஆறாயிரம் கிலோமீட்டர் உட்காரலாம்,
அதற்கு மேல் ஒரு கல்தூரமும் கிடையாது.

அவளுடைய சிவப்பு நகப்பூச்சால் எண் போட்டேன்.
காய்வதற்குள் விரல் பட்டு
3 என்பது 8 ஆகிவிட்டது. இருக்கட்டும்,
எட்டாவது டயர் எங்களிடம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நட்டுகளை இறுக்கிக் கை துடைத்து வருவதற்குள்
அட்டையில் மிச்சமிருந்த இடங்களை அவள் நிரப்பியிருந்தாள்.
எடை: முப்பத்தொரு கிலோ.
ஒவ்வாமை: ஒக்கங்வாத்தி.
தாயின் பெயர்: எராஸ்டுஸ்.