ஓடும் நிலையில்

பி அட்டவணை, ஏழாவது இனம்:
ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று,
சாம்பல் நிறம், ஓடும் நிலையில்.

மேயோ ஹால் கோர்ட்டில்
அது இருபத்தொன்பது வருடம் ஓடியது.
காக்ஸ் டவுன் ஷெட்டில், தார்ப்பாய்க்குக் கீழே
நாலு டயரும் தரையோடு தரையாக
உட்கார்ந்திருந்தது.

சாவி எங்கள் பக்கம்.
ஆர்.சி. புத்தகம் பெரியப்பா பக்கம்.
தொடக் கூடாது என்று தடையாணை இரண்டு பக்கத்துக்கும்.
வாய்தா மேல் வாய்தா போய்
முதலில் பெரியப்பா ஞானாதிக்கம் போனார்,
அப்புறம் அப்பா,
அப்புறம் வக்கீல்களில் குள்ளமானவர்.
தீர்ப்பு வந்தபோது
வாதி எண் இரண்டு நான்,
பிரதிவாதி எண் மூன்று ஸ்டனிஸ்லாஸ்.
விற்றுச் சரிபாதி எடுத்துக்கொள்ளலாம்.

சிவாஜி நகர் குஜ்ரியிலிருந்து வந்தவன்
டயரை ஓர் உதை உதைத்து
இரும்பு விலை சொன்னான். பதினாலாயிரம்.
“ஆளுக்கு ஏழு” என்றான் ஸ்டனி.
என் வக்கீல் குடித்த டீயே அதைவிட அதிகம் என்று
சொல்ல வந்து சிரித்துவிட்டேன்.
அவனும் சிரித்தான்.
அவன் பல் தெரிய நான் கடைசியாகப் பார்த்தபோது
அதில் முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

அப்படித்தான் ஃபையாஸ் வந்தார்.

முகம் மொத்தமும், மட்கார்டோடு சேர்த்து,
முக்காட்டை முன்னால் இழுத்துவிட்ட மாதிரி
கவிழ்ந்து திறந்தது.
ஏர் கிளீனருக்குள் எலிக்கூடு:
சீட்டுப் பஞ்சு, கிறிஸ்துமஸ் ஜரிகை,
பாதி தின்ற ஒரு பி.டி.எஸ். பஸ் டிக்கெட்.
டேங்கில் பெட்ரோல் இருந்த இடத்தில்
கம்பிப் பதத்தில் வெல்லப்பாகு.
இன்ஜின் பிடித்துப்போய்க் கிடந்தது.

நாலு பிளக்கையும் கழற்றி
குழிக்கு ரெண்டு ஸ்பூன் டீசல் ஊற்றினார் ஃபையாஸ்.
“அடிக்காதீங்க. உசுப்பாதீங்க. ஊறட்டும்.
துரு அதுவா விடணும்.”
எத்தனை நாள் ஆகும்?
“உங்க கேசு எத்தனை நாள் ஆச்சு?”

ஒயிட்ஃபீல்டிலிருந்து அவன்,
ராஜாஜி நகரிலிருந்து நான்,
டிராஃபிக்கில் வெந்து வந்து சேர்ந்து
சாயங்காலம்தோறும் ஊற்றினோம்.
பேச ஒன்றும் இல்லாததால்
மாற்றி மாற்றி டார்ச் பிடித்தோம்.
பன்னிரண்டாம் நாள்
ஸ்பானர் ஒரு நூல் நகர்ந்தது.
ஒரே ஒரு நூல்.
ஃபையாஸ் கையைத் துடைத்துக்கொண்டு
பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்.

பிரேக் சிலிண்டர் கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வந்தது.
கார்புரேட்டரை ஸ்டனி வீட்டுக்கு எடுத்துப்போய்
பால் காய்ச்சும் பாத்திரத்தில் கொதிக்கவைத்து
மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.
ஒட்டிப்போன கிளட்ச் பிளேட்டுக்கு
இன்னும் மூன்று ஞாயிறுகள்.
பூசைக்குப் போகவில்லை என்று பாதர் கேட்டனுப்பினார்.

நான் சாவியைக் கொண்டுபோன அன்று
அவன் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தான்.
யாரும் கேட்கவில்லை.
இரண்டும் டூல் பாக்ஸ் மேல் கிடந்தன,
எண்ணெய்த் துணிக்குப் பக்கத்தில்.

பம்ப்பின் நெம்புகோலை விரலால்
தட்டித் தட்டி பெட்ரோலை ஏற்றினார்.
முதல் தடவை இருமல்.
இரண்டாவது தடவை ஒன்றுமே இல்லை.
பேட்டரி ஒயரை முறுக்கி மறுபடி திருகியதும்
தெரு மறைகிற அளவுக்குப் புகை,
புகைக்குள் தகர டப்பாவில் கல் குலுக்குகிற சத்தம்,
பிறகு மெதுவாக, கல்லெல்லாம் மணலாகி,
ஒரு சீரான முனகல்.
எதிர்வீட்டு டாரத்தி ஆன்ட்டி
ஜன்னலை அறைந்து சாத்தினார்.
கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து
“ஞானாதிக்கம் வண்டியா?” என்றார்.
“சவரிமுத்து வண்டியும்தான்” என்றது ஸ்டனி.

பங்க் வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்றார் ஃபையாஸ்.
வீலர் ரோடு மேம்பாலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.
பின்னால் ஓர் ஆட்டோக்காரர்
கன்னடத்தில் எங்கள் வம்சத்தையே விசாரித்தார்.
டிக்கியின் இடது மூலையில் அவன், வலது மூலையில் நான்,
செருப்பு வழுக்க வழுக்கத் தள்ளினோம்.

பங்க்கில் பையன் கேட்டான்:
பில் யார் பேருக்கு?

ஸ்டனி என்னைப் பார்த்தான்.
நான் மீட்டரைப் பார்த்தேன்.
“வண்டி நம்பர் போட்டுக்கப்பா” என்று தொடங்கி
எம்.ஒய்.பி. நாலு நாலு ஒண்ணு ஏழு
இரண்டு பேரும் ஒரே மூச்சில் ஒப்பித்தோம்.
சம்மன்தோறும் அச்சடித்து வந்த எண்.