மாற்று முனைகள் நான்கு

மாடிப்படியில் நிறுத்திக் கேட்கிறாய் தனூதே,
ஒரு கையில் உருளைக்கிழங்குப் பை,
மறு கையில் கடைக்காரன் தந்த வழவழப்புத் தாள்:
பேனா வைத்த டேப்லெட்,
அறுநூறு யூரோ,
அன்றாடத்துக்கு ஆகுமா?

பையைக் கீழே வை. சொல்கிறேன்.

வெங்காயம் நறுக்கிய கைக்கு ஆகாது.
மழைத்துளி விழுந்தால் அதையும் எழுத்தென்று நம்பும்.
பனிக்காலத்தில் கையுறையோடு தொட்டால்
முன்பின் தெரியாதவளைப் போலப் பார்க்கும்.
சந்தைக்குக் கொண்டுபோனேன் ஒருமுறை.
மீன்காரி சிரித்தாள்:
'மூன்று விலாங்குக்கு இவ்வளவு பெரிய சீட்டா?'
அதன்பின் பழைய உறைகளின் முதுகிலேயே
என் பட்டியல். பீட்ரூட், புளித்த பாலாடை, தீப்பெட்டி.

ஆனால் ரிம்வீதஸ்
கிளைபேதா துறைமுகத்தில் இருபத்தாறு வருடம்
பாரந்தூக்கிகளை அதட்டியே இறக்கியவர்.
காற்று எதிர்த்தடித்தாலும் அவர் குரல்
கப்பலின் அடுத்த பக்கம் போய்ச் சேரும்.
அந்தக் குரல்வளையைத்தான்
சென்ற வருடம் மார்ச்சில் வெட்டி எடுத்தார்கள்.

முதலில் நோட்டுப் புத்தகம் கொடுத்தேன்.
வாரத்துக்கு ஒன்று தீர்ந்தது.
மேஜை, சன்னல் விளிம்பு, குளியலறை எங்கும்
அவர் பேசி முடித்தவை கிடந்தன:
'உப்பு.' 'கதவு.' 'போனில் யார்?' 'வேண்டாம் என்றேனே.'
ஒரு மனிதன் பேசியதையெல்லாம்
துடைப்பத்தால் கூட்டி அள்ளியிருக்கிறாயா?

இது வந்தபின் வீடு சுத்தம்.
மருந்துக்கடைப் பெண் மட்டும் இதைக் கண்டதும் கத்திப் பேசுவாள்.
அவளுக்கென்றே ஒரு பக்கம் நிரந்தரமாய் வைத்திருக்கிறார்:
'காது நன்றாயிருக்கிறது.'
நடுநிசியில் விளக்குப் போட வேண்டாம்.
போர்வைக்குள் நீல வெளிச்சம் எழும்,
'தூங்கிவிட்டாயா' என்று என் முகத்தருகே வரும்.
தூங்கித்தான் இருந்தேன்.
என்றாலும் நாற்பது வருடத்தில்
அவர் கிசுகிசுத்தது இதுதான் முதல்முறை.

கோபம் வந்தால் அழுத்துவார்.
அழுத்த அழுத்தக் கோடு தடிக்கும்.
போன செவ்வாய் மகள் விஷயமாய்ச் சண்டை.
பாதியில் சார்ஜ் தீர்ந்தது.
ஒயரோ குட்டை.
முளையில் கட்டிய கிடாபோலச் சுவரோரம் நின்றபடி
என்னைப் பக்கத்தில் வரச்சொல்லிக் கையாட்டினார்,
திட்டுவதற்கு.
போனேன். வேறென்ன செய்ய?
எனக்கு மட்டும் வாய் இருப்பது
நியாயமில்லை என்று அப்போதுதான் உறைத்தது.
பேனாவைப் பிடுங்கி நானும் எழுதினேன், இரண்டு பக்கம்.
என் எழுத்துப்பிழையை அவர் திருத்தினார்,
சண்டைக்கு நடுவே.

மறுநாள் திரையைத் துடைக்கும்போது
எதையோ தொட்டுவிட்டேன்.
பக்கம் தன்னைத்தானே
முதலிலிருந்து எழுதிக்கொள்ளத் தொடங்கியது,
கை இல்லாமல்.
அவர் கோடுகள், என் கோடுகள், அடித்தல்கள்.
நான் அடுப்பைப் பார்க்கப் போன இடைவெளியில்
ஒரு வரி வருகிறது:
'அவளை நான்தான் போகச் சொன்னேன்.'
அப்படியே நிற்கிறது.
நிற்கிறது.
பின் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாய் அழிகிறது.
அந்த இடத்தில் எழுதுகிறார்:
'சூப் தீய்கிறது.'

குரல் இருந்த காலத்தில்
அவர் விழுங்கியவை எத்தனையோ,
தொண்டைக்குள் யார் போய்ப் பார்த்தார்கள்?

நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.
மகளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.
இன்றும் செய்வேன்.

அன்றாடத்துக்கா என்றால்,
உனக்கு அறுநூறு அதிகம் தனூதே.
உன் வீட்டில் எல்லோருக்கும் வாய் இருக்கிறது.
அப்படியும் வாங்கினால் ஒன்று:
முனை தேயும், ஆறு மாதம் தாங்கினால் அதிசயம்.
பெட்டியின் அடித்தட்டில் மாற்று முனைகள் நான்கு இருக்கும்,
பார்லி மணியளவு.
தாளோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதே.
நாங்கள் மூன்றாவதில் இருக்கிறோம்.