ஐம்பது பாஸ்கல்

படகோனியாவில் ஜூன் மாதம்.
பிற்பகல் நான்குக்கே மலை தன் நிழலை
ஊர்மேல் கவிழ்த்துவிட்டது.
எல்லார் வீட்டு ஈர விறகின் புகையும்
மூடி போட்ட சட்டியில்போல் அடியிலேயே கிடக்கிறது.

அரசுப் பணம். அதனால்தான் நான்.
ஒப்பந்தத்தின் நாற்பத்தேழாம் பக்கம் சொல்வது சுருக்கமாக:
இந்த மழலையர் பள்ளி மூச்சுவிடலாம்,
நாம் வைத்த குழாய் வழியாக மட்டும்.

வாசல் நிலையில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி
நடுவே விசிறியைப் பொருத்தினேன்.
அது காற்றை வெளியே இறைக்க இறைக்க
துணி உள்நோக்கித் தொப்பை போட்டது.
நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பது பாஸ்கல்.
பெரிதாக ஒன்றுமில்லை,
உள்ளங்கையில் அரை செண்டிமீட்டர் தண்ணீர் நின்றால்
எவ்வளவு கனக்குமோ அவ்வளவு.
அதற்கே கட்டடம் வாய் திறந்துவிடும்.

ஒன்று புள்ளி ஒன்று.
விதி: பூச்சியம் புள்ளி ஆறு.

மேஸ்திரி ஒயார்சோ தொப்பியைக் கழற்றினார்,
உள்ளே எதையோ பார்த்தார், திரும்பப் போட்டுக்கொண்டார்.
அவருடைய கடைசித் தவணை
அந்தப் புள்ளிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

நெருப்பில்லாமல் புகையாது என்பது பொய்.
என் பையில் இருக்கிறது நெருப்பில்லாத புகை,
பேனா அளவு.
அதைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகப் போனேன்.
மூன்று கண்ணாடி ஜன்னல்களில்
நூல் பிடித்தாற்போல் நேரே ஏறியது.
படுக்கையறையில், குட்டிக் கழிப்பறையில்,
யானை உயரத்துக்கு வரைந்திருந்த வாத்தின் அலகில்,
எங்கும் நேரே.

சமையலறையில் மட்டும்
புகை திடுக்கிட்டு என் முகத்தில் விழுந்தது.

மாவு அலமாரிக்குப் பின்னால்
தட்டு அகலத்தில் வட்டமாக ஒரு துளை.
வெளியே தகரம், உள்ளே பலகை, நடுவில் ஒன்றுமில்லை.
வரைபடத்தில் இல்லாத வட்டம்.

தச்சன் நிபால்தோ தரையைப் பார்த்தான்.
சமையற்காரி ஒத்தீலியா மன்சீயா பார்க்கவில்லை.
"நான்தான் கேட்டேன்" என்றாள்.
"புகைபோக்கிக்கு. ஒரு நாள் வேண்டியிருக்கும்.
அடுப்பில்லாத வீட்டை நான் பார்த்ததில்லை,
அதில் பிள்ளைகளை வைத்து."

சொன்னேன்: ஒரு குழந்தை ஓர் அறுபது வாட் பல்பு.
இருபத்திரண்டு குழந்தைகள்.
சுவருக்குள் முப்பது செண்டிமீட்டர் செம்மறிக் கம்பளி.
பனியில் மின்கம்பம் விழுந்தாலும்
மறுநாள் காலைவரை தாங்கும்.

"உங்களுக்குப் பிள்ளை உண்டா?"

உண்டு என்றேன்.

"உங்கள் வீட்டில் அடுப்பு?"

விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
அதன் இரைச்சலுக்குள் பதில் சொல்லாமல் இருப்பது எளிது.

நிபால்தோ கம்பளியை அடைத்தான்,
பலகை வைத்தான், நாடா ஒட்டினான்,
ஓரத்தைக் கட்டைவிரலால் மூன்று முறை நீவினான்,
புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன்போல்.
ஒத்தீலியா அலமாரியை இழுத்து
பழைய இடத்தில் வைக்கவில்லை.
எங்கே அடைத்தார்கள் என்று
கண்ணில் படட்டும் என்றாள்.

பூச்சியம் புள்ளி ஐந்து ஏழு.
கையெழுத்துப் போட்டேன்.
ஒயார்சோ யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை,
போனில் மனைவியிடம் அந்த எண்ணை மட்டும் சொன்னார்.

இரவு என் வீட்டில்
மகன் இருமலோடு தூங்குகிறான்.
என் சம்பளம் அரசுப் பணம், என் சுவர் அல்ல.
நாற்பத்தேழாம் பக்கம் இந்தத் தெருவுக்கு வருவதில்லை.
அடுப்பு எரிகிறது, ஜன்னல் அருகே
மெழுகுவத்தியின் சுடர் உட்புறமாகச் சாய்கிறது.
அளக்கக் கருவி வேண்டாம்.

பையைக் கவிழ்த்தேன்.
புகைப் பேனா, அளவு நாடா, சிவப்புத் துணியின் ஒரு கொக்கி,
நிபால்தோ திருப்பித் தந்த ஒட்டு நாடாவில் மிச்சம்
ஒன்றரை முழம்.
அரசுச் சொத்து.

படிவத்தில் தேடினேன்.
மிச்ச நாடாவுக்குக் கட்டம் இல்லை.

ஒரு நாற்காலியை ஜன்னலடிக்கு இழுத்தேன்,
மெதுவாக, அவன் விழிக்காதபடி.