எடைச்சீட்டின் பின்புறம்

பதினொரு மாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம்.
நான்கு பெண்கள், ஒரு வேன்.
இலங்கையின் மலைநாட்டுக்கு
மிஞ்சியது ஒரே ஒரு பகல்.
அதற்குள் எல்லாவற்றையும் அடைக்கும் வேலை
என் தலையில் விழுந்தது.
எண்ணூர் நெடுஞ்சாலை எடைமேடையில்
லாரி வந்த நேரம், போன நேரம்
எழுதுகிறவள் நான்தானே என்றார்கள்.

இரவுப் பணி.
கூண்டுக்குள் மின்விசிறி
சூட்டையே எடுத்துச் சூட்டின் மேல் ஊற்றியது.
பழைய எடைச்சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டேன்.

நாலு மணி: தம்புள்ள விடுதி, கதவைப் பூட்டுதல்.
ஐந்து: சிகிரியா. ஆயிரத்து இருநூறு படி.
(யுனீஸுக்கு மூட்டுவலி. கீழே
தண்ணீர்த் தோட்டம் பார்த்துக்கொண்டிருப்பாள்.)
எட்டரை: குகைக்கோயில், படுத்திருக்கும் புத்தர்.
பத்தே முக்கால்: மாத்தளை மாரியம்மன்,
கற்பூரம் உட்பட பதினைந்து நிமிடம்.
பன்னிரண்டு: கண்டி. தலதா மாளிகை. ஏரியை
வேனில் இருந்தே ஒரு சுற்று.
இரண்டு: பேராதனைப் பூங்கா, ஓட்டமும் நடையும்.
ஐந்து: தேயிலைத் தொழிற்சாலை,
மூடுவதற்குள்.
ஏழு: நுவரெலியா, குளிர், சுவெட்டர்.

போன் காட்டிய நிமிடங்களோடு
ஒவ்வொன்றுக்கும் பத்து கூட்டினேன்.
வெளியே, எம்.எஃப்.எல். சந்திப்பு வரைக்கும்
ட்ரெய்லர்கள் ஒன்றன் முதுகில் ஒன்று மூக்கை வைத்து நின்றன.
முன்னால் நிற்கிற வண்டி
நேற்று மத்தியானம் வந்தது.
இரண்டு டயர்களுக்கு நடுவே ஸ்டவ் பற்றவைத்து
ஒருவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.
ஜீரோ கேட் இங்கிருந்து கூப்பிடு தூரம்.

ஞாயிற்றுக்கிழமை, பீச் ஸ்டேஷன் எதிரே,
அத்தோ தட்டும் கையுமாக நின்றபடி
வாசித்துக் காட்டினேன்.
"இன்னாடி இது, கண்டெய்னருக்கு ஏத்துற மாதிரி
ஏத்தினுகீற" என்றாள் ஷகிலா பானு.
"ஒண்ணுக்குப் போவ டைம் எங்க?"
எனக்கு உறைத்தது.
பதினைந்து மணி நேரம், நான்கு பேர்,
அந்த வரி மட்டும் இல்லை.

யுனீஸ்தான் ஆரம்பித்தாள்:
கண்டியிலிருந்து மேலே போகிற வழியில்தானே புசல்லாவை,
தெய்வானையின் அம்மா பிறந்த லயம்
அங்கேதானே எங்கோ,
ஒரு இருபது நிமிடம் நிறுத்தினால் என்ன,
ஒரு போட்டோ.
நான் அதற்குள் எழுதியும் விட்டேன்,
மாலை நான்கு: புசல்லாவை, பேனாவை அழுத்தி.

தெய்வானை வாழைத்தண்டு சூப்பை
ஊதிக் குடித்து முடித்தாள்.
"அங்க நான் பாக்க இன்னா கீது?
எங்கம்மா கொழுந்த எடை போடச் சொல்ல
கூடைக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பானுங்க.
கூடை அரைக் கிலோகூட இருக்காது.
நீ லாரிக்குக் கழிக்கிறல்ல, அது கணக்கு.
அது வேற கழிவு."
கையைத் துடைத்துக்கொண்டாள்.
"நான் அந்தப் படி ஏறணும், பாறை உச்சி வரைக்கும்.
டிக்கெட் எடுத்து,
வெள்ளக்காரி மாதிரி தொப்பி போட்டுனு.
அவசரமா எறக்கிடாத என்ன.
அங்க டைம் போடு."

யாரும் ஒன்றும் பேசவில்லை.
ஷகிலா இன்னொரு முட்டை சொன்னாள்.

மறுபடி இரவுப் பணி, மறுபடி சீட்டு.
சிகிரியாவுக்கு நாற்பது நிமிடம் கூட்ட,
பூங்காவைக் கொன்றேன்.
ஏரிச் சுற்றும் போயிற்று.
புசல்லாவையை அடித்தேன்,
பெயர் அடிபட்டது,
சாலை அப்படியே இருக்கிறது.
நுவரெலியாவுக்கு வேன் அந்த வழியாகத்தான் போகும்,
நாங்கள் விழித்திருந்தாலும், தூங்கினாலும்.

அடித்த வரிக்கு மேல்
அந்த இருபது நிமிடத்துக்கு நேராக எழுதினேன்:
ஒண்ணுக்கு.
ஊர் பெயர் போடவில்லை.

சீட்டைப் புரட்டினேன்.
மொத்தம், வண்டி, நிகரம் என்று
முன்பக்கத்தில் என் கையெழுத்து,
எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
இருந்தும் ஒருமுறை கழித்துப் பார்த்தேன்.

யாரோ ஹாரன் அடித்தார்கள்.
வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்திருந்தது.
நேரம் குறித்தேன்,
இரண்டு பத்து.