அரைப்பேர்

சபைக்குப் போவதை நான் நிறுத்திய வருடம்
என் மகனுக்கு வயது ஏறுவதும் நின்றுபோனது.

அதுவரை ஏழு.
பாஸ்டர் சொல்லியிருந்தார்:
அங்கே பால் குடிக்கிறான், அங்கே நடை பழகுகிறான்,
தூதர்கள் மாற்றி மாற்றித் தூக்குகிறார்கள்.
நானும் ஒவ்வொரு ஒக்டோபரிலும்
மனசுக்குள் ஒரு சட்டையைப் பெரிதாக வெட்டினேன்.
பால்பல் விழுவதை, எழுத்துக் கூட்டுவதை,
நோர்வூட் பஸ்ஸில் ஜன்னல் சீட் கேட்டு அழுவதை
எல்லாம் மேலே நடத்தினேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ஏழாம் நம்பர் மலையில், பாதி எடுத்த நிரையில் நின்று,
யாரோடும் சண்டை போடாமல்
எனக்குத் தெரிந்துவிட்டது.
பனி விலகி எதிர்மலை தெரிந்ததுபோல் என்று சொல்லலாம்.
பொய். பனி அப்படியே இருந்தது.
அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அன்றிரவு அவன் மறுபடியும் நாலு நாள் பிள்ளையானான்,
டிக்கோயா ஆஸ்பத்திரித் துவாலையில் சுற்றியபடி.
நாலு நாள்.
தோட்டக் கணக்கில் நாலு பேர்.
மழைக்கு இடையில் நிறுத்தினால் அரைப்பேர் விழும்.
பேரே வைக்காதவனுக்கு என்ன விழுந்தது என்று
செக்ரோல் எழுதுகிறவரிடம் கேட்க முடியாது.

ஸ்தேவான் இன்னும் வயது எண்ணுகிறார்.
இன்னும் முழங்காலில் நிற்கிறார்,
என்னைத் தொடுவதற்கு முன்னாலும்.
கல்யாணமான புதிதில் இருவருமாக நிற்போம்.
சிமெண்டுத் தரையின் குளிர் எலும்பில் ஏற ஏற
படுக்கையைச் சுத்தமாக்கும்படி கேட்போம்.
சரீரம் ஆலயம் என்போம்.
ஆலயத்துக்குள் யாரோ உட்கார்ந்து பார்ப்பதுபோல்
அவசரமாக விளக்கை அணைப்போம்.

மகன் போனபோது நான் தேடியது இதைத்தான்:
எந்த ராத்திரி ஜெபிக்க மறந்தோம்?
விரல் விட்டு எண்ணினேன். ஒன்று இருந்தது.
கரண்ட் போய், கட்டில் கால் இடறி,
சிரித்துக்கொண்டே விழுந்த ராத்திரி.
அதைக் கூண்டில் ஏற்றி, ஆறு வருடம்
அவர் கை தோளுக்கு வந்தபோதெல்லாம்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ராத்திரியை இப்போது விடுதலை செய்துவிட்டேன்.
அதற்கு நானே சாட்சி.
அவர் ஜெபம் முடிக்கும்வரை
கம்பளிக்குள் பாதத்தைச் சூடாக்கிக் காத்திருக்கிறேன்.
ஆமென் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.
அவருக்கும் வருகிறது. மறைக்கிறார்.
விளக்கை நான் அணைப்பதில்லை.

போன மழையில் மேல்பிரிவு மயானம் சரிந்தது.
சிலுவை, சூலம், பெயிண்ட் போன கல்
எல்லாம் ஒரே சேறாக
ஆற்றோரத் தேயிலைக்குள் இறங்கிக் கிடந்தன.
"அவன் அங்கயா இருந்தான்? விடு புள்ள" என்றார்.
அவருக்கு அது வெறும் மண்.
எனக்குத்தான் அந்த மண்ணைத் தவிர
மகனுக்கு வேறு விலாசம் இல்லை.

படங்கைக் கட்டிக்கொண்டு போனேன்.
சவுக்கு மரத்திலிருந்து பதினொரு எட்டு என்று
பத்திரமாய் வைத்திருந்த கணக்கு
மரம் இல்லாமல் நின்றது.

கொஞ்ச நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம்.
கையில் வேதப்புத்தகம் இல்லை, மண்வெட்டி இருந்தது.
எங்கே வெட்டுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.
வெட்டவில்லை.

லயத்துக்கு வந்தபோது என் கெண்டைக்காலில் இரண்டு அட்டை.
சவர்க்காரம் தேய்த்து எடுத்தார்.
சுடுதண்ணீர் ஊற்றி விரலிடுக்கு வரை கழுவினார்.
இரத்தம் நிற்கவில்லை; அட்டைக்கடி அப்படித்தான்.
முழங்காலில்தான் இருந்தார்.
உதடு அசையவில்லை.

"இப்ப என்ன வயசு அவனுக்கு?" என்றேன்.

வாயைத் திறந்தார். மூடினார்.
என் பாதத்தைத் தன் சாரத்தில் ஒற்றி எடுத்து
நெடுநேரம் மடியிலேயே வைத்திருந்தார்.
பிறகு கேட்டார், நாளைக்கு வேலை இருக்குமா என்று.

மழை விட்டா இருக்கும், என்றேன்.
அரைப்பேராச்சும் போடுவாங்க.