முரசு

பகலில் நான் பல் கட்டுகிறவன்.
மெழுகில் அடுக்கி, சாந்தில் வார்த்து,
இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் முரசு பிடித்து.
புளியந்தீவில் பாதிப்பேர் சிரிப்பது என் கையால்.
இரவு எட்டரைக்குப் பிறகு
அதே மேசை, அதே வளைகழுத்து விளக்கு,
அதே ஊசி.
ஓர் அங்குல ஆளுக்குக் கண் வைக்கிறேன்.

வெள்ளை முதலில். மறுகா, அதன் நடுவில் கறுப்பு,
மூச்சை அடக்கி.
மூச்சு விட்டால் மாறுகண்.
மூன்றாம் வரிசையில் இருவர் அப்படித்தான்
ஒருவரையொருவர் சந்தேகமாய்ப் பார்த்தபடி
வாட்டர்லூவுக்குப் போகிறார்கள்.

எழுபத்திரண்டாம் ஆண்டு வார்ப்பு.
கொவென்றியில் ஒரு வாத்தியார் செத்து
அவருடைய படை ஏலத்துக்கு வந்ததாம்.
மச்சான் நவேந்திரன் சப்பாத்துப் பெட்டியில் அடைத்து
கொழும்பு மட்டும் அனுப்பினான்.
துண்டில் கணக்கு: அறுபத்து நான்கு பேர், ஈயம்.
மிச்சத் தூரம் என் மடியில், பஸ்ஸில்.
அது தொண்ணூற்றெட்டு.

மன்னம்பிட்டியில் எல்லாரையும் இறக்கினார்கள்.
பையைக் கவிழ்த்த பொடியனுக்கு என்னிலும் வயது குறைவு.
ஒவ்வொருவராய் எடுத்து
மண்மூட்டைமேல் நிறுத்தினான்.
நின்றவர்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"இது எந்த ஆமி?"
"பிரான்ஸ்."
"இப்ப எங்க?"
"இப்ப இல்ல. எல்லாரும் செத்து இருநூறு வருசம்."
சரியாகச் சொன்னால் நூற்றெண்பத்து மூன்று.
சரியாகச் சொல்லுகிற இடமல்ல அது.
கொப்பியில் என்னவோ எழுதினான்.
பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து,
ஒரு குதிரைக்காரனை இரண்டு விரலால்
மூட்டை விளிம்போடு நடத்திக்கொண்டு போனான்.
பின்னாலிருந்து யாரோ உறுமினார்கள்.
எல்லாம் அள்ளிப் பெட்டிக்குள்.

வீட்டில் எண்ணினேன். அறுபத்து மூன்று.
பையின் தையலைப் பிரித்து உதறி
மறுபடி எண்ணினேன்.
முரசு அடிக்கிறவன் இல்லை.
நாள் முழுக்க முரசு பிடிக்கிறவனுடைய படையில்
முரசு இல்லை.

மற்றவர்களைப் பிரேக் ஒயிலில் ஊறப்போட்டேன்.
வாத்தியாரின் தடித்த நீலம் தோல் தோலாய்க் கழன்றது.
உள்ளே இருந்தவர்களுக்கு
மீசை இருந்தது, பொத்தான் இருந்தது,
ஒருவனுக்குக் காதில் வளையம்கூட.

டச்சுபாரில் லியோனல் ரேகலின் தச்சுப்பட்டறை.
ஞாயிறு பூசை முடிந்தால் எங்களுக்கு ஐரோப்பா.
மலைகள் ரெஜிபோம், டீவி வந்த பெட்டியில் இருந்தவை.
புல்வெளி, அவன் வாள் அறுத்த தேக்கின் தூள்,
பச்சை போட்டது.
காற்றாடியைப் போட்டால் பெல்ஜியம் பறக்கும்;
வேர்த்தபடியே சண்டை.

முரசில்லாத படைக்குத்
துணிவுச் சோதனையில் ஒன்று கழியும்.
இது அச்சிட்ட விதியல்ல.
லியோனல் ஓரத்தில் பென்சிலால் எழுதினது.
இருபத்தைந்து வருசமாய்க் கழிகிறது.

மனம் கேளாமல் அவனே ஒருநாள்
முதிரைக் கட்டையில் ஒருவனைச் செதுக்கித் தந்தான்.
லட்சணமான பிள்ளை, குச்சி இரண்டும் உயர்த்தியபடி.
வாங்கி, பல்லுப்பெட்டிக்குள் வைத்தேன்.
களத்துக்கு விடவில்லை.
ஏன் என்று மேர்லின் கேட்டாள்,
தேத்தண்ணிக் கோப்பையை மலைமேல் வைத்துவிட்டு.
தோற்கிறதுக்கு ஒரு காரணம் வேணுமே, என்றேன்.
லியோனல் சிரித்தான்,
நான் கட்டிய மேல்பல் முழுக்கத் தெரிய.

இன்றைக்கு ஐந்து தேவை.
ஐந்தே விழுந்தது. ஒன்று கழிய நான்கு.
விரலால் ஒவ்வொருவராய்த் திருப்பினேன்.
கிறுகி நிற்கிறார்கள், ஆற்றைப் பார்த்தபடி,
அந்த மாறுகண்ணர் இருவரும்.
உடைந்த துப்பாக்கி முனைகளுக்கு
நான் ஒட்டிய தூண்டில் கம்பி மட்டும்
யன்னல் வெயிலில் மின்னுகிறது.

போகிற வழியில், கல்லடிப் பாலத்தில்,
அவனை நினைத்தேன். முரசுக்காரனை.
எங்கோ ஒரு கண்ணாடி அலுமாரியில்,
வாத்தியாரின் நீலத்தோடு நிற்கலாம்.
மூட்டை இடுக்கில் விழுந்து மண்ணாய்ப் போயிருக்கலாம்.
அந்தப் பொடியன் உயிரோடிருந்தால்
இப்போது பிள்ளைகள் இருக்கும்.

அது ஈயம்.
பல் முளைக்கிற வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும்.
அன்றைக்கே சொல்லியிருப்பேன்,
எடுத்தது தெரிந்திருந்தால்.